பன்னிரண்டு சுற்று டேப்

பண்ருட்டி ரோட்டில் முந்திரித் தோப்பு முடிகிற வளைவில் என் லாரியின் முன்பக்கத்திலிருந்து ஆவி கிளம்பியது. காலை ஒன்பது மணி. பின்னால் சாம்பல் செங்கல் லோடு, பக்கத்து சீட்டில் ஒருவரும் இல்லை. ஓரங்கட்டி இறங்கிப் பார்த்தேன். ரேடியேட்டர் ஹோஸின் கிளிப் தளர்ந்து வெந்நீர் பீய்ச்சிக்கொண்டிருந்தது. வாசனை மூக்கில் ஏறியதுமே நிறுத்தியதால் தப்பித்தேன். இன்னும் கொஞ்ச தூரம் ஓட்டியிருந்தால் எஞ்சின் சூட்டில் இறுகி இரண்டாவது முறையாக சீஸ் ஆகியிருக்கும்.

இரண்டாவது முறை என்று சொன்னேன் இல்லையா, எல்லாம் அந்த முதல் முறையால் வந்த வினை.

ஆவி அடங்கட்டும் என்று கேபினில் ஏறி உட்கார்ந்தேன். சாவி ஆன் நிலையில்தான் இருந்தது. டேஷ்போர்டைப் பார்த்தவன் பார்த்தபடியே இருந்துவிட்டேன். எஞ்சின் உலை மாதிரி கொதிக்கிறது, ஹீட் மீட்டரின் முள்ளோ அடிமட்டத்தில் படுத்துக் கிடக்கிறது. விரலால் கண்ணாடியைத் தட்டினேன். அசையவில்லை.

"முள்ளு ஏறவே இல்லண்ணே."

எட்டு மாதத்துக்கு முன்னால் அறிவழகன் சொன்னது. அவன் என் டிரைவர். மந்தாரக்குப்பம் லாரி ஸ்டாண்டில், டீக்கடைக்கு முன்னால், இருபது பேர் பார்த்துக்கொண்டிருக்க, அவனைப் புளுகன் என்று சொல்லி சாவியைப் பிடுங்கியவன் நான்.

அதைச் சொல்வதற்கு முன் என்னைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். பெயர் மாடசாமி, சொந்த ஊர் சங்கரன்கோவில் பக்கம். இருபத்தெட்டு வயதில் நெய்வேலிக்கு வந்து, சுரங்கத்தில் பம்ப் செக்‌ஷனில் பைப் ஃபிட்டராக முப்பத்திரண்டு வருஷம் வேலை பார்த்தேன். எங்கள் சுரங்கத்தில் நிலக்கரிக்கு அடியில் தண்ணீர் முட்டிக்கொண்டு நிற்கும். ராத்திரி பகல் பார்க்காமல் இறைத்துக்கொண்டே இருந்தால்தான் மேலே மனிதன் நின்று வேலை செய்ய முடியும். அந்தத் தண்ணீரோடு மல்லுக்கட்டிய கை இது. நான் பூட்டிய ஜாயிண்டில் ஒரு சொட்டு கசிந்ததாக எந்த ஷிப்டிலும் யாரும் சொன்னதில்லை. இதைச் சொல்லும்போது எனக்குக் கொஞ்சம் தலை நிமிரும். நிமிர்ந்து நிமிர்ந்துதான் இந்தக் கதிக்கு வந்தேன்.

ரிட்டயர் ஆவதற்கு இரண்டு வருஷம் முன்பே என் மனைவி பேச்சியம்மாள் போய்விட்டாள். பிள்ளைகள் இல்லை. குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டு மந்தாரக்குப்பத்தில் ஒரு வாடகை வீட்டுக்கு வந்தேன். அந்த வீட்டில் பகலில் ஃபேன் சத்தம், ராத்திரியிலும் ஃபேன் சத்தம். ஆறு மாதம் தாங்கினேன். பிறகு ஒரு பழைய ஆறு சக்கர லாரியை வாங்கி, முத்தாண்டிக்குப்பத்து அறிவழகனை டிரைவராக வைத்தேன். கிளீனர் வைக்கவில்லை. நானே கிளீனர் சீட்டில் ஏறிக்கொண்டேன். ஓனர் கிளீனர் சீட்டில் போவதை ஸ்டாண்டே சிரித்துப் பார்த்தது. சிரிக்கட்டும் என்று விட்டுவிட்டேன். நான் லாரி வாங்கியது தொழிலுக்கு இல்லை, பேச்சுத் துணைக்கு. அதை யாரிடம் போய்ச் சொல்ல முடியும்?

என்னைவிட இருபது வயது சின்னவன் அறிவழகன். ஆனால் வாய்க்கு வாய் பேசுவான். என் ஊர்க் கருப்பட்டியை அவன் கேலி செய்வான், அவன் ஊர்ப் பலாப்பழத்தை நான் கேலி செய்வேன். அவன் மனைவி மலர்கொடி இரண்டு பேருக்குக் கேரியரில் சோறு கட்டி அனுப்புவாள். விழுப்புரம் போகிற வழியில் ஒரு புளிய மரத்தடியில் நிறுத்திச் சாப்பிடுவோம். முருங்கைக்கீரை இருந்தால் எனக்குப் பாதிக்கு மேல் தள்ளிவிடுவான். மூன்று வருஷம் இப்படிப் போயிற்று.

போன நவம்பரில் ஒருநாள் நான் பேங்குக்குப் போக வேண்டியிருந்தது. பென்ஷன்காரன் உயிரோடு இருக்கிறான் என்று வருஷத்துக்கு ஒருமுறை போய்க் காட்ட வேண்டுமே. அன்றைக்கு அறிவழகன் தனியாக லோடு எடுத்துப் போனான். மதியம் போன் வந்தது. அடி ஹோஸில் விரிசல் விழுந்து, தண்ணீர் கொஞ்சம் கொஞ்சமாக ஒழுகி, எஞ்சின் சீஸ் ஆகி பண்ருட்டி தாண்டி நின்றுவிட்டது. லாரியைக் கட்டி இழுத்துக்கொண்டு வந்தார்கள். எனக்கு ஆத்திரம் கண்ணை மறைத்தது. கொஞ்சம் கொஞ்சமாக ஒழுகியிருந்தால் முள் படிப்படியாக ஏறியிருக்குமே, நீ அதைப் பார்க்காமல் எங்கே பார்த்துக்கொண்டிருந்தாய் என்று கேட்டேன்.

"காலையில தண்ணி பார்த்துட்டுத்தான் எடுத்தேன். மீட்டரையும் பார்த்துகினுதான் வந்தேன். முள்ளு ஏறவே இல்லண்ணே."

"எஞ்சின் வெந்து கிடக்கு, முள்ளு ஏறலையா? யார்கிட்ட புளுகுத? போனைப் பார்த்துக்கிட்டு ஓட்டியிருப்ப. சாவியக் குடு."

கொடுத்தான். "ஏறலண்ணே" என்று இன்னொரு தடவை மட்டும் சொன்னான். துண்டையும் காலிக் கேரியரையும் எடுத்துக்கொண்டு பஸ் ஸ்டாப் பக்கம் நடந்து போனான். எஞ்சினைப் பிரித்து வேலை பார்த்துத் திருப்பி எடுக்க இரண்டு மாதம் ஆயிற்று. அதற்குப் பிறகு நானே ஓட்டுகிறேன்; முள் எப்போதும் கீழேயே கிடந்ததை, வண்டி சூடாகவில்லை என்றே எடுத்துக்கொண்டேன். வேறு டிரைவர் வைக்க மனசு வரவில்லை. வண்டிக்குள் இப்போது என் இருமல் மட்டும் கேட்கிறது.

இப்போது சொல்லுங்கள், அந்த வளைவில் முள் படுத்துக் கிடந்ததைப் பார்த்தபோது எனக்கு எப்படி இருந்திருக்கும்? அறிவழகன் சொன்னது உண்மை என்றால், நான் ஒரு மனிதனின் பெயரை நடுரோட்டில் போட்டு மிதித்திருக்கிறேன்.

ஆனால் மனசு லேசில் ஒத்துக்கொள்ளுமா? தண்ணீர் இறங்கிவிட்டதால், சூட்டை அளந்து மீட்டருக்குச் சொல்கிற சென்சாருக்குச் சூடு எட்டவில்லை, அதுதான் முள் ஏறவில்லை என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன். கிளிப்பை முறுக்கினேன். சூடு ஆறும்வரை ஒரு மணி நேரம் காத்திருந்து, கேனிலிருந்த தண்ணீரை ஊற்றி, எஞ்சினை ஓடவிட்டுக் காற்றை வெளியேற்றி, மறுபடி நிரப்பினேன். லோடை இறக்கிவிட்டு வீடு வந்து சேரும்வரை கண் ரோட்டில் பாதி, முள்ளில் பாதி. முள் எழுந்திருக்கவே இல்லை.

மறுநாள் காலை வீட்டு வாசலிலேயே வேலையை ஆரம்பித்தேன். சென்சார் என்பது பெரிய விஷயமில்லை. கட்டைவிரல் அளவு பித்தளை மரையாணி. அதன் மூக்கு எஞ்சின் தண்ணீருக்குள் முங்கியிருக்கும், தலையில் ஒரே ஒரு ஒயர் மாட்டியிருக்கும். அந்த ஒயரைக் கழற்றி எஞ்சின் இரும்பில் வைத்தேன். டேஷ்போர்டில் முள் சடாரென்று உச்சிக்குத் தாவியது. ஆக மீட்டர் நன்றாக இருக்கிறது, ஒயரும் நன்றாக இருக்கிறது. கோளாறு சென்சாரில்தான்.

எனக்கு அப்படி ஒரு நிம்மதி. சென்சார் செத்துப் போயிருந்தால் யார் மேலும் தப்பில்லை. அவனும் பொய் சொல்லவில்லை, நானும் வேண்டுமென்று பழி போடவில்லை, ஒரு பித்தளைத் துண்டு இரண்டு பேரையும் ஏமாற்றிவிட்டது. போய்ச் சிரித்துப் பேசிக் கூட்டிக்கொண்டு வந்துவிடலாம்.

எஞ்சின் குளிர்ந்தே இருந்தது. கொஞ்சம் தண்ணீரை வடித்துவிட்டு ஸ்பேனர் போட்டுக் கழற்றினேன். மரையில், குழாய்க்குச் சுற்றுகிற வெள்ளை டேப் புதுசு மாதிரி ஒட்டியிருந்தது; எஞ்சினைப் பிரித்தவர்கள் இதைத் தொடவில்லை போலிருக்கிறது. போன அக்டோபரில் அந்த இடத்தில் லேசாகத் தண்ணீர் பனித்தது. அறிவழகன் பிள்ளைக்குக் காதுகுத்து என்று லீவில் இருந்தான். நானே கழற்றி, அடியில் இருந்த நசுங்கிய செம்பு வாஷரைத் தூக்கிப் போட்டுவிட்டு, ரப்பர் ஷீட்டில் ஒரு வாஷர் வெட்டிப் போட்டு, பன்னிரண்டு சுற்று டேப் சுற்றிப் பூட்டினேன். பம்ப் செக்‌ஷன் பழக்கம். பத்து மாதத்துக்கு நெருக்கமாகியும் ஒரு சொட்டு கசியவில்லையே என்று அந்த நேரத்திலும் என் கைவேலையை நானே மெச்சிக்கொண்டேன்.

டேப்பை உரித்துவிட்டு சென்சாரை அடுப்படிக்குக் கொண்டு போனேன். பேச்சியம்மாள் பால் காய்ச்சுகிற பாத்திரத்தில் தண்ணீர் கொதிக்க வைத்து, சென்சாரின் மூக்கை அதில் முக்கி, மல்டிமீட்டரின் ஒரு முனையைத் தலையிலும் இன்னொரு முனையை உடம்பிலும் பிடித்தேன். சூடு ஏற ஏற மீட்டரில் எண் இறங்க வேண்டும். அப்படி இறங்கினால் சென்சார் நல்ல சென்சார். எண் இரண்டாயிரத்துச் சொச்சத்தில் ஆரம்பித்து, ஒழுங்காகப் படிப்படியாக இருநூறு பக்கம் வந்து நின்றது.

நல்ல சென்சார்.

அடுப்பை அணைத்தேன். பிறகு, பழைய சாமான், அடுப்படியில் வேலை செய்யும், வண்டி குலுங்கும்போது மக்கர் பண்ணும் என்று சொல்லிக்கொண்டு வடலூருக்கு பஸ் ஏறினேன். அது செத்துப் போயிருக்க வேண்டும் என்று எனக்கு அவ்வளவு ஆசை.

வடலூரில் ஸ்பேர் பார்ட்ஸ் கடை வைத்திருப்பவர் சந்திரகலா. நாற்பத்தைந்து வயதிருக்கும், கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டுக்கொண்டே பேசுவார். புது சென்சார் கொடுத்தார். பெட்டிக்குள் செம்பு வாஷர் ஒன்றும் இருந்தது. வீட்டுக்கு வந்து அதை ஓரமாக வைத்துவிட்டு, ரப்பர் வாஷர் போட்டு, டேப்பைப் பன்னிரண்டு சுற்று சுற்றிப் பூட்டினேன். தண்ணீர் நிரப்பி, ஸ்டார்ட் பண்ணி, அரை மணி நேரம் ஓடவிட்டேன். மேல் ஹோஸ் கை வைக்க முடியாத சூடு. முள் அடிமட்டத்தில்.

சண்டை போடுகிற உத்தேசத்தோடுதான் மறுநாள் அதைக் கழற்றிக்கொண்டு போனேன். போகிற வழியில், வருகிறவர்களுக்கெல்லாம் இலவசமாகச் சோறு போடுகிற தருமச்சாலையில் சாப்பிட்டேன். வீட்டில் அரிசி இல்லாமல் இல்லை. வரிசையில் உட்கார்ந்தால் இடது பக்கம் ஒரு ஆள், வலது பக்கம் ஒரு ஆள் இருப்பார்கள். இரண்டு மாதமாக வடலூர் பக்கம் வந்தால் இதே வழக்கம்.

"செத்த சாமானத்தக் குடுத்திருக்கீங்கம்மா" என்று சென்சாரைக் கடை மேஜையில் வைத்தேன்.

சந்திரகலா கண்ணாடியை இறக்கிப் பார்த்தார். மரையில் ஒட்டியிருந்த டேப்பை நகத்தால் சுரண்டினார்.

"இது இன்னாங்க சார் வெள்ளையா?"

"டேப்பு. கசியாம இருக்க."

"இந்த ரப்பரு?"

"அதுவும் கசியாம இருக்கத்தான்."

அவர் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால்கூடப் பரவாயில்லை. "சார், இதுல எத்தினி ஒயர் மாட்டுனீங்க?" என்று கேட்டார்.

"ஒண்ணு."

"ஒரு ஒயர்ல கரண்ட் வருது. திரும்பிப் போவ இன்னொரு வழி வேணும் இல்ல? அது இந்த மரை வழியாத்தான் எஞ்சினுக்குப் போவணும். பித்தளை போயி இரும்பைத் தொட்டாத்தான் முள்ளு ஏறும். நீங்க ரப்பரும் டேப்பும் வச்சி வழிய அடைச்சிட்டீங்களே. குழாய்க்குப் பூட்டுற மாதிரி பூட்டியிருக்கீங்க."

மேஜையில் கிடந்த சென்சாரை எடுத்துத் திருப்பிப் பார்த்தேன்.

"எத்தினி நாளா சார் இப்படி ஓட்டிகினு இருக்கீங்க?"

அக்டோபரிலிருந்து. அறிவழகன் லீவு முடிந்து வந்த அன்றைக்கே கேட்டானே. "இன்னாண்ணே, முன்ன நடுவுல நிக்கும், இப்ப கீழயே இருக்குது முள்ளு" என்று கேட்டான். நான் என்ன சொன்னேன்? "மாடசாமி கை வச்ச வண்டி சூடாகுமாடே?" என்று மார் தட்டினேன். அவனும் சிரித்துக்கொண்டு கியரைப் போட்டான். என் வேலை மேல் அவனுக்கு அவ்வளவு நம்பிக்கை. சந்திரகலாவின் கடையில் ஒரு ஆயில் டின் மேல் உட்கார்ந்துவிட்டேன். அவர் தண்ணீர் பாட்டிலை நீட்டினார். வாங்கிக் குடிக்கக் கை வரவில்லை.

வீட்டுக்கு வந்து மரையைக் கம்பி பிரஷ்ஷால் பளபளவென்று தேய்த்தேன். செம்பு வாஷரைப் போட்டு, டேப் இல்லாமல், பித்தளை இரும்பைத் தொடும்படி வெறுமனே பூட்டினேன். இத்தனை வருஷத்தில் டேப் இல்லாமல் நான் பூட்டிய முதல் ஜாயிண்ட் அதுதான். கசியவும் இல்லை. ஸ்டார்ட் பண்ணி உட்கார்ந்தேன். நாலு நிமிஷத்தில் முள் லேசாக அசைந்தது. பத்து நிமிஷத்தில் நடுவில் வந்து நின்றது. ஒரு வேலை சரியாக முடிந்ததற்காக நான் அழுதது அன்றைக்குத்தான். பக்கத்து சீட்டைப் பார்க்க முடியவில்லை.

ரப்பர் வாஷரையும் டேப் சுருளையும் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு அன்று சாயங்காலமே முத்தாண்டிக்குப்பம் போனேன். மலர்கொடி வாசலில் முந்திரிக்கொட்டை காயப்போட்டதை அள்ளிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் நிமிர்ந்தாள். வா என்று சொல்லவில்லை.

"அறிவழகன் இல்லையாம்மா?"

"திருப்பூர்ல இருக்காரு. பனியன் கம்பெனி குடோன்ல மூட்டை தூக்கிகினு இருக்காரு. இங்க யாரு வண்டி குடுப்பாங்க? எஞ்சினப் புடிக்க வச்சவன், போன் நோண்டிகினு ஓட்டுறவன்னு ஸ்டாண்டு பூரா பேரு."

எல்லாவற்றையும் சொன்னேன். வாஷரைக் காட்டினேன். அவள் அதைத் தொடக்கூட இல்லை.

"தப்பு என் மேலதாம்மா. அவன் நம்பரைக் குடு, நான் பேசுதேன்."

"எதுக்குங்க? அவரு பொய் சொல்லலன்னு அவருக்குத் தெரியும். எனக்கும் தெரியும். எங்க வூட்ல வந்து சொல்லி இன்னா ஆவப்போவுது?" முந்திரிக்கொட்டையை அள்ளி முறத்தில் போட்டாள். "எங்க வச்சி அந்தப் பேச்சு பேசுனீங்களோ, அங்கயே போயி சொல்லுங்க. அவரு காதுக்குத் தானா வரும்."

மறுநாள் காலை பத்து மணிக்கு ஸ்டாண்டில் டீ நேரம். நல்லசாமி, ஜெயப்பிரகாஷ், தெய்வசிகாமணி என்று லாரி வைத்திருப்பவர்களும் டிரைவர்களுமாகப் பத்துப் பதினைந்து பேர் நின்றார்கள். இருபது பேர் வரட்டும் என்று காத்திருந்தேன். அன்றைக்கு இருபது பேர் இருந்தார்கள், கணக்கு சரியாக இருக்க வேண்டும். பிறகு அதே இடத்தில் நின்று சொன்னேன். பையிலிருந்து வாஷரையும் டேப்பையும் எடுத்து டீக்கடைப் பெஞ்சில் வைத்தேன்.

"அறிவழகன் சொன்னது உண்மை. முள்ளு ஏறல. ஏற விடாம அடைச்சவன் நான்."

முதலில் சிரிப்புதான். "இன்னாங்க இது, லாரிக்கு பிளம்பிங் வேலை பார்த்துட்டீங்களே" என்று தெய்வசிகாமணி ஆரம்பித்தார். ரேடியேட்டருக்குத் தண்ணீர்த் தொட்டி கட்டியாயிற்றா, சைலன்சருக்கு எத்தனை சுற்று என்று ஆளுக்கொன்று கேட்டார்கள். கேட்கட்டும். நல்லசாமி மட்டும் சிரிக்கவில்லை. டேப் சுருளைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு, "எட்டு மாசங்க" என்றார். அதற்குத்தான் எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

அதற்குப் பிறகு நான் கிளீனர் சீட்டைத் துடைத்து வைத்தேன். கிழிந்திருந்த ரெக்ஸினைத் தைத்தேன். டிரைவர் சீட்டை அவனுக்குத் தோதாக ஒரு பல் பின்னால் தள்ளி வைத்தேன். என் கால் கிளட்சுக்கு எட்டவில்லை, எட்டி எட்டி ஓட்டினேன். ஒரு வாரம் போயிற்று. போன் அடிக்கும்போதெல்லாம் பாய்ந்து எடுத்தேன். லோடு விஷயமாக யாராவது பேசுவார்கள்.

பதினோராவது நாள் ஸ்டாண்டுக்குப் போனபோது ஜெயப்பிரகாஷின் லாரியில் டிரைவர் பக்கக் கதவு திறந்திருந்தது. கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தவன் அறிவழகன். இளைத்திருந்தான், தோளில் மூட்டை தூக்கிய காய்ப்பு. பக்கத்து சீட்டில் கேரியர் இருந்தது, சின்னது, ஒரு ஆளுக்கானது. ஜெயப்பிரகாஷ்தான் கூப்பிட்டு வண்டி கொடுத்தாராம். எனக்குச் சந்தோஷம்தான். நிஜமாகவே சந்தோஷம். ஆனால் தைத்து வைத்த ரெக்ஸின் சீட்டுதான் முதலில் ஞாபகம் வந்தது.

நான் இறங்கவில்லை. எஞ்சினை ஓடவிட்டபடி உட்கார்ந்திருந்தேன். அவன் துணியை உதறிவிட்டு நேராக என் வண்டிக்கு வந்தான். ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி என்னைப் பார்க்காமல் டேஷ்போர்டைப் பார்த்தான். முள் நடுவில் நின்றது. ரொம்ப நேரம் அதையே பார்த்தான்.

"முள்ளு ஏறுதுங்க" என்றான்.

"ஏறுதுடே" என்றேன்.

தலையை ஆட்டிவிட்டுப் போய் ஜெயப்பிரகாஷின் லாரியில் ஏறினான். ஸ்டாண்டில் வைத்துச் சாவியைப் பிடுங்கிய அன்றைக்குக்கூட அவன் என்னை அண்ணே என்றுதான் கூப்பிட்டான். அவன் வண்டி பண்ருட்டி ரோட்டில் திரும்பும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு டிரைவர் சீட்டை ஒரு பல் முன்னால் இழுத்துக்கொண்டு, லோடு ஏற்றக் கிளம்பினேன்.